யானைப் பெருக்கமும் குடிநீர்த் துறைகளும்

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசிய வனத்தில் யானைகள் பெருகி மரங்களை நாசஞ்செய்யாவண்ணம், அவற்றை ஏறக்குறைய 7,000க்குள் அடக்கிவைக்கும்பொருட்டு, 1967 முதல் 1994 வரையில் கொன்று குறைத்துவந்தனர். பொதுஜன ஆட்சேபத்தால் அம்முறை நின்றது. 2015ஆம் வருஷக் கணக்கில் யானைகள் 17,000க்கு மேலாயின.

ஆயினும், ஓர் ஏது கவனிக்கத்தக்கது. வறட்சிக்கு உதவியாக இறக்கிய குழாய்க் கிணறுகளால் வறண்ட பருவத்திலும் பல இடங்களில் ஜலம் கிடைத்தது, மேய்ச்சலுக்கு ஓய்வில்லாதுபோயிற்று. ஆகையால் அக்கிணறுகளிற் பாதிக்கு மேல் மூடப்பட்டன. 2002இல் மொசாம்பிக் எல்லை வேலியிலும் ஒரு பகுதியை அகற்றலாயினர். ஜலத்தை நாடி யானைகள் இடம்பெயர்ந்தால், விட்டுச்சென்ற நிலம் துளிர்க்கும். நெடுநடையால் கன்றுகளின் பெருக்கமும் தளரும் என்பதே நோக்கம்.

கிராமத்து மேய்ச்சல் புறம்போக்கிற்கும் இது பொருந்தும். குட்டையருகிலேயே மந்தையை எந்நாளும் நிறுத்தாமல், தரையைப் பங்கிட்டு முறைவைத்து மேய்ப்பதே க்ஷேமம்.