சிகரெட் ஆசை வந்ததும் எழுந்து நடக்கச் சொல்வது ஏன்?

மலேசியாவின் சித்தியவானில் இருக்கிறீர்கள், சிகரெட்டை விட்டுவிட்டீர்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஆசை கிளம்புகிறது. என்ன செய்வீர்கள்?

அடுப்பில் பால் பொங்கி வரும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் அடங்குகிறது அல்லவா? ஆசையும் அப்படித்தான் பொங்கும். சில நிமிடங்களில் இறங்கும். பத்து நிமிட வேக நடைதான் அந்தத் தண்ணீர்.

எப்படி? நடக்கும்போது கவனம் மூச்சுக்கும் காலுக்கும் போகிறது; படபடப்பு குறைகிறது. நடை முடிந்த பிறகும் சிறிது நேரம் ஆசை தணிந்தே இருக்கும். அடுப்பு அணையவில்லை, மறுபடி பொங்கும். மறுபடி தெளியுங்கள்.

பெண்கள் பலருக்கு ஒரு பயமும் உண்டு: சிகரெட்டை விட்டால் எடை கூடுமோ என்று. சிகரெட்டில் உள்ள நிகோடின் பசியை அமுக்கி வைக்கும். விட்டதும் பசி திரும்பும். அமெரிக்காவில் புகைபிடிக்கும் 281 பெண்களிடம் நடந்த ஆய்வு 1999இல் வெளியானது. புகையை விட எல்லோருக்கும் ஆலோசனை உண்டு. ஒரு பாதிப் பேர் கூடவே வாரம் மூன்று முறை கடுமையாக உடற்பயிற்சி செய்தார்கள். 12 வார முடிவில் அவர்களில் 19.4 விழுக்காட்டினர் புகையை விட்டிருந்தார்கள், மற்றவர்களில் 10.2. உடற்பயிற்சி செய்தவர்களுக்கு எடை கூடியதோ சுமார் 3 கிலோ, மற்றவர்களுக்கு 5.4.

அதற்காக நடையே மருந்து என்று நினைக்காதீர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2019 அலசலில், உடற்பயிற்சி நீண்டகால வெற்றி தரும் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. அரசாங்கக் கிளினிக்கில், புகையை விட உதவும் எம்குவிட் சேவையைக் கேளுங்கள்; மாலையில் தெலுக் பாத்தேக் கடற்கரையில் நடையும் போடுங்கள்.