கைக்குத் தெரிய வேண்டிய கியர்

பழவேற்காட்டு மணலில் பின்சக்கரம் புதைந்துவிட்டால், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி கீழேதான் இறங்கும். அப்போது ஃபோர்-வீல்-டிரைவ் வண்டியில் கைகொடுப்பது கியர் ராடுக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு சின்ன ராடு. இப்போது பல வண்டிகளில் அந்த ராடு இல்லை. திருகும் குமிழோ பட்டனோ அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

சென்னைக்கு வடக்கே இருக்கும் புதுவாயலைச் சுற்றியே இரண்டு வகையும் உருவாகியிருக்கின்றன. திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து வந்த மிட்சுபிஷி பஜேரோவில் ராடு. தேசிய நெடுஞ்சாலை 16-ல் வடக்கே போய் ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி; அங்கே 2016 முதல் தயாராகும் இசுசூ வி-கிராஸில் குமிழ்.

இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்றொரு பெட்டி. 2எச் நிலையில் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். 4எச்-சில் நான்கும் இழுக்கும். 4எல்-லுக்குப் போனால் இடையில் இன்னொரு பல்சக்கர இணைப்பு சேர்ந்துகொள்ளும். மாருதி ஜிம்னியில் அந்த விகிதம் ஏறக்குறைய 2. அதே எஞ்சின் ஓட்டத்தில் வேகம் பாதியாகும், இழுவை இரண்டு மடங்காகும்.

வித்தியாசம் கைக்கும் பெட்டிக்கும் நடுவில்தான். ராடைத் தள்ளும்போது உள்ளே இருக்கும் ஃபோர்க்கை நம் கையே நகர்த்துகிறது. பல்லோடு பல் பொருந்தினால் 'டக்' என்று உள்ளங்கையில் தெரியும். பாதியில் நின்றாலும் தெரியும். வண்டியை ஓரடி நகர்த்தினால் பல் நேராகி கியர் விழுந்துவிடும். குமிழைத் திருகினால் போவது மின்சமிக்ஞை மட்டும். ஒரு சின்ன மோட்டார் ஃபோர்க்கை நகர்த்தும். விழுந்ததா இல்லையா என்பதை டேஷ்போர்டு விளக்குதான் சொல்ல வேண்டும்.

ராடிலும் குறை உண்டு. புஷ் தேய்ந்தால் ஆட்டம் கொடுக்கும், தார்ச்சாலையில் கடகடக்கும். தார்ச்சாலையிலேயே 4எச்-சில் ஓட்டி வளைத்தால் முன் பின் அச்சுகள் முறுக்கிக்கொண்டு, ராடு திரும்பி வர மறுக்கும். ஆனால் இவை எந்த மெக்கானிக்கும் கண்ணால் பார்த்துச் சரிசெய்யக்கூடியவை. மோட்டார் வகையில் ஒயர் கனெக்டருக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்தாலும், பேட்டரி இறங்கியிருந்தாலும், நடுக்காட்டில் செய்வதற்கு அதிகமில்லை.

சுசூகி இரண்டு பக்கமும் போய் வந்த நிறுவனம். 1985-ல் இந்தியாவுக்கு வந்த ஜிப்சியில் ராடு. வெளிநாட்டில் விற்ற மூன்றாம் தலைமுறை ஜிம்னி 2000-களின் நடுவில் பட்டனுக்கு மாறியது. 2018-ல் புதிய ஜிம்னி வந்தபோது ராடு திரும்பி வந்தது. 2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்ததும் அதே ராடோடுதான். எனக்கு இது பழமைப் பாசமாகத் தெரியவில்லை. குலுங்கும் வண்டியில் கண் பாதையில் இருக்க வேண்டும். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைக் கைதான் அறிய வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கியரிலும் இதே கணக்குதான். 2014, 2015 ஜீப் கிராண்ட் செரோக்கியில், தள்ளிவிட்டுக் கையெடுத்ததும் நடுவுக்கே திரும்பிவிடும் கியர் இருந்தது. பார்க்கிங்கில் போட்டுவிட்டோம் என்று நம்பிப் பலர் இறங்கினார்கள், வண்டி உருண்டது. 2016 ஏப்ரலில், அதே கியர் இருந்த வேறு கார்களையும் சேர்த்து, உலகெங்கும் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அந்த ஜூனில் நடிகர் ஆன்டன் யெல்சின் தன் வீட்டுச் சரிவில் உருண்டு வந்த சொந்த கிராண்ட் செரோக்கியில் நசுங்கி இறந்தார். மணலில் டிரைவ், ரிவர்ஸ் என மாற்றி மாற்றி ஆட்டி வண்டியை வெளியே எடுப்பவருக்கும், போட்ட இடத்திலேயே நிற்கும் கியர்தான் உதவும்.

ஆலைக்கும் வீட்டுக்கும் நெடுஞ்சாலையிலேயே ஓடுபவருக்குக் குமிழ் போதும். வழுக்கும் மழையில் ஓடிக்கொண்டே 4எச்-சுக்கு மாற்ற அது சுலபம். மணல், ஏரிக்கரை, சேற்றுவயல் என்று இறங்குபவருக்கு ராடைத்தான் சொல்வேன்.

எதுவானாலும் வாங்கும் முன் ஷோரூம் வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, வண்டியை நிறுத்தி நியூட்ரலில் போட்டு, கிளட்சை மிதித்து 4எல்-லுக்கு மாற்றிப் பாருங்கள். ராடென்றால் தலையைக் குனியாமல் கை போய்ச் சேருகிறதா, முழங்கை எங்கும் இடிக்கிறதா? குமிழென்றால், 4எல் விளக்கு மினுக்குவதை நிறுத்தி நிலையாக எரியும்வரை கிளட்சிலிருந்து காலை எடுக்காதீர்கள்.