எண் சுட்டிய உறவு: பெர்ல் 6, ராக்கு ஆன வரலாறு

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் பகுத்துக் காட்டுவது நம் இலக்கண மரபு. மண், மரம் போன்றவை காரணம் கருதாது வழங்கும் பெயர்கள். பறவை, நாற்காலி போன்றவை காரணம் பற்றி அமைந்தவை. நான்கு கால்கள் இல்லாத இருக்கையையும் நாம் சிலவேளை நாற்காலி என்றே அழைக்கிறோம். அதனால் எவருக்கும் இழப்பில்லை. ஆயின், ஒரு பெயர் உணர்த்தும் காரணத்தை நம்பிப் பலர் தம் உழைப்பையும் தொழிலையும் அமைத்துக்கொண்ட பின்னர், அக்காரணம் பொருந்தாமற் போனால் என்ன நேரும்?

கணினி நிரலாக்க மொழிகளின் வரலாற்றில் இவ்வினாவுக்குத் தெளிவான சான்று ஒன்று உண்டு. பெர்ல் என்னும் மொழியின் அடுத்த பதிப்பாக 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பெர்ல் 6, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ராக்கு எனப் பெயர் மாறிய வரலாறே அது.

முத்தும் ஒட்டகமும்

மொழியியல் பயின்றவரான லேரி வால் 1987 டிசம்பரில் பெர்ல் மொழியை வெளியிட்டார். முத்து எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே அவர் முதலில் பெயராக எண்ணினார். அப்பெயரில் வேறொரு மொழி முன்பே இருந்தமையால், சொல்லின் எழுத்துகளுள் ஒன்றை நீக்கி வைத்துக்கொண்டார். 1994இல் வந்த பெர்ல் 5, இணையம் வளரத் தொடங்கிய காலத்தில் பெரும்புகழ் பெற்றது. இணையப் படிவங்களில் பயனர் எழுதியவற்றைப் பெற்றுச் செயற்படுத்தவும், பெரிய உரைக்கோப்புகளில் வேண்டிய செய்தியைத் தேடி எடுக்கவும் அது பரவலாகப் பயன்பட்டது. அம்மொழிக்குரிய முதன்மை நூலின் அட்டையில் ஒட்டகப் படம் இருந்தமையால், ஒட்டகமே அதன் அடையாளமாகவும் ஆயிற்று.

2000 ஜூலையில் கலிஃபோர்னியா மாநிலத்தின் மான்டரே நகரில் நிகழ்ந்த மாநாட்டின்போது, மொழியின் வளர்ச்சி தேங்கிவிட்டது என்னும் கவலை வெளிப்பட்டது. ஆர்வலர்களின் கூட்டம் ஒன்றில் ஜான் ஓர்வாண்ட் என்பவர் காப்பிக் குவளைகளை ஒவ்வொன்றாகச் சுவரில் எறிந்து தம் சலிப்பைக் காட்டினார் என்பது அவ்வட்டாரத்தில் இன்றும் பேசப்படும் செய்தி. அம்மாநாட்டிலேயே பெர்ல் 6 அறிவிக்கப்பட்டது. பழைய நிரல்களோடு முழுமையாகப் பொருந்த வேண்டும் என்னும் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, மொழியை அடிப்படையிலிருந்தே மறுவடிவமைப்பு செய்வது நோக்கம். பொதுமக்களின் முன்மொழிவுகள் வரவேற்கப்பட்டன. 361 முன்மொழிவுகள் வந்து குவிந்தன.

நீண்ட காத்திருப்பு

அத்தனை விருப்பங்களையும் ஒரே வடிவமைப்பில் இணைப்பது எளிதாக இல்லை. 2005இல் ஆட்ரி டாங், பின்னாளில் தைவானின் அமைச்சராகப் பொறுப்பேற்றவர், ஹாஸ்கெல் மொழியில் பக்ஸ் என்னும் செயலாக்கத்தை எழுதித் தொடங்கியது புத்தூக்கம் அளித்தது. அதன்பின் ராக்குடோ என்னும் செயலாக்கம் முன்னிலை பெற்றது. ஒட்டகத்தின் நெறி எனப் பொருள்படும் ஜப்பானியத் தொடரிலிருந்து அமைந்த பெயர் இது. அச்சொல்லுக்கு அம்மொழியில் இன்பவுலகு என்னும் பொருளும் உண்டு. முதல் முழுமையான பெர்ல் 6 வெளிவந்தது 2015ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று. அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

இவ்விடைவெளியில் பெர்ல் 5 உறங்கவில்லை. 2007இல் வந்த 5.10 பதிப்பு, பெர்ல் 6க்காக எண்ணப்பட்ட சில கூறுகளைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. அதன் பின்னரும் புதிய பதிப்புகள் தொடர்ந்தன. ஆக, முன்னது இருக்கும்போதே பின்னதும் வந்து சேர்ந்தது. இரண்டும் வெவ்வேறு குழுக்களால் வளர்க்கப்பட்டன.

வேறுபாடு சிறிதன்று. சொற்றொடர்களை இணைக்கப் பெர்ல் 5 புள்ளியைப் பயன்படுத்துகிறது. புதிய மொழியில் அப்பணி அலைக்குறிக்கு மாறியது, புள்ளியோ வேறு பணிக்குச் சென்றது. முன்னதில் எழுதிய நிரலைப் பின்னதில் அப்படியே இயக்க இயலாது. எண் ஐந்திலிருந்து ஆறாக உயர்ந்தது பதிப்பின் வளர்ச்சியைச் சுட்டியது. நடப்பில் இருந்தவையோ இரு தனி மொழிகள்.

மாணவர்கள் நன்கறிந்த பைத்தான் இங்கு ஒப்பிடத்தக்கது. 2008இல் வந்த பைத்தான் 3, முந்தைய பதிப்போடு முழுமையாகப் பொருந்தவில்லை. எனினும் இரண்டையும் ஒரே குழு பேணியது. 2020 தொடக்கத்தில் பைத்தான் 2க்கான ஆதரவை அக்குழுவே முடித்துக்கொண்டது. மாற்றம் துன்பம் தந்தாலும் எண் சுட்டிய உறவு மெய்யாயிற்று. பெர்லில் அவ்வாறு நிகழவில்லை.

மூன்று நிலைப்பாடுகள்

பெயர் பற்றிய கருத்து வேறுபாடு இந்நிலையில் முற்றியது. பெர்ல் 5ஐப் பேணியோர், ஆறு என்னும் எண் தம் மொழியைக் காலாவதியானதாகக் காட்டுகிறது என்றனர். பெர்லைக் கற்கலாமா என எண்ணும் ஒருவர் ஆறாம் பதிப்பு வருவதை அறிந்தால், ஐந்தைக் கற்பதை ஒத்திவைப்பது இயல்பு. அத்துடன், தம் மொழிக்கு ஆறு என்னும் எண்ணைச் சூட்டவும் அவர்களுக்கு வழியில்லாமற் போயிற்று.

பெர்ல் 6ஐ உருவாக்கியோருள் பலர், பழைய மொழியைப் பற்றிய முன்முடிவுகளையும் நெடுங்காலத் தாமதம் பற்றிய ஏளனத்தையும் தம் மொழி சுமக்க நேர்ந்தது என்றனர். புதிதாக ஒன்றைச் செய்திருந்தும், பெயரைக் கேட்ட அளவிலேயே பலர் திரும்பிச் சென்றனர் என்பது அவர்களின் குறை.

மூன்றாம் சாரார் பெயரைக் காக்க விரும்பினர். பெர்ல் என்பது உலகறிந்த பெயர். அதனைத் துறப்பது அறிமுகத்தைத் துறப்பதாகும். அச்சேறிய நூல்களும் எழுதப்பட்ட ஆவணங்களும் அப்பெயரையே தாங்கியிருந்தன. இரு மொழிகளையும் ஈன்றவர் ஒருவரே ஆகையால், பெயரைப் பிரிப்பது குடும்பத்தைப் பிரிப்பதாகவும் அவர்களுக்குத் தோன்றியது. இம்மூன்று நிலைப்பாடுகளுள் எதனையும் அறியாமை எனத் தள்ள இயலாது.

பெயர் மாற்றமும் அதன் பின்னும்

2018 நவம்பரில் மொழியின் அடுத்த வரையறை வெளியானது. நம் வாசகர்க்கு வியப்பளிக்கும் வகையில், தீபாவளியே அவ்வரையறையின் பெயர். அக்காலத்திலேயே ராக்கு என்னும் மாற்றுப்பெயரை லேரி வால் முன்வைத்திருந்தார். 2019 ஆகஸ்டில், அம்மொழியின் முன்னணி உருவாக்குநர்களுள் ஒருவரான எலிசபெத் மட்டைசன், பெர்ல் என்னும் சொல் பெயரில் இருப்பது குழப்பம் விளைவிக்கிறது என்று முறைப்படி விவாதத்தைத் தொடங்கினார். அக்டோபரில் லேரி வால் பெயர் மாற்றத்துக்கு இசைந்தார். புதிய துணியைப் பழைய ஆடையில் ஒட்டுவதைப் பற்றிய விவிலிய உவமையைத் தம் இசைவுக்குக் காரணமாகச் சுட்டினார். அதன்பின் ஆவணங்கள், கருவிகள், கோப்புகளின் பின்னொட்டுகள் எனப் பலவும் படிப்படியாகப் பெயர் மாறின.

பெயர் மாறியவுடன் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2020 ஜூனில் பெர்ல் 7 அறிவிக்கப்பட்டது. நவீன அமைப்புகளை இயல்பிருப்பாகக் கொள்ளும் பதிப்பு எனச் சொல்லப்பட்டது. பழைய நிரல்கள் பாதிக்கப்படுமா, இத்தகைய முடிவை எவர் எவ்வாறு எடுப்பது என்னும் வினாக்கள் எழுந்தன. மொழியை நெறிப்படுத்த மூவர் குழு அமைந்தது. ஐந்தாம் வரிசையிலேயே தொடர்வதென 2022இல் அக்குழு தெரிவித்தது. ராக்குவும் புதுப்பெயரால் உடனே பெரும்புகழ் அடைந்துவிடவில்லை. ஆனால் ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பறிக்க வந்தது என்னும் எண்ணத்துக்கு இடமில்லாமற் போயிற்று. இரண்டையும் ஆதரிக்கும் அறக்கட்டளை இன்று தன் பெயரில் பெர்ல், ராக்கு என்னும் இரு பெயர்களையும் தாங்கி நிற்கிறது.

பெர்ல் 6 என்பது காரணப்பெயர். ஐந்தின் இடத்தில் ஆறு வரும் என்பதே அதன் காரணம். அக்காரணம் நிறைவேறாத பின்னரும் பெயர் அதனைச் சொல்லிக்கொண்டே இருந்தமையால் இரு மொழிகளுக்கும் இழப்பு நேர்ந்தது. ராக்கு என்னும் பெயரோ, கேட்போர்க்கு ஏறத்தாழ இடுகுறியாகவே அமைகிறது. எதனையும் அது முன்கூட்டி உறுதியளிப்பதில்லை. கணினிப் பாடத்தில் பதிப்பு, மொழி ஆகிய இரு சொற்களையும் விளக்கும் ஆசிரியர்க்கும், மொழிப் பாடத்தில் பெயர் வகையைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இவ்வரலாறு ஒருங்கே பயன்படும். ஒரு பெயரோடு எண் சேர்ந்து வரும்போது, அவ்வெண் எதனை உறுதியளிக்கிறது, அவ்வுறுதியை நிறைவேற்றும் பொறுப்பு எவருடையது என்று மாணவர் கேட்டுப் பழகுதல் நன்று.