பொற்றட்டும் புலப்படாப் பெயர்களும்

பாடல்களைத் தேடித் திரட்டித் தொகையாக்கி வைத்தல் தமிழ் மக்கள் நெடுங்காலமாக அறிந்ததொரு பணி. எட்டுத்தொகை நூல்களுட் சிலவற்றைத் தொகுத்தவர் இன்னார், தொகுப்பித்தவர் இன்னார் என்னும் குறிப்பு இன்றும் வழங்குகின்றது. அதனினும் மேலாக, ஒவ்வொரு பாட்டின் அடியிலும் அதனைப் பாடிய புலவர் பெயரை, அறியக் கிடைத்தவரையில், நம் முன்னோர் எழுதி வைத்தனர். பாட்டைக் காப்பதோடு பாடியவர் பெயரையும் காத்தல் தொகுப்போர் கடன் என்பது அவர்தம் கொள்கை போலும்.

மேல்நாட்டு இசையுலகிலும் தொகைகள் உண்டு. ஒரு பாடகர் பாடிப் புகழ்பெற்ற பாட்டுக்களை ஒரே இசைத்தட்டில் அடக்கி வெளியிடுவது அங்கே பெருவழக்கு. றொக் அண்ட் றோல் இசையில் இவ்வழக்குக்குக் கால்கோள் செய்த தட்டுக்களுள் தலையாயது, 1958ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்த ‘எல்விஸ் கோல்டன் றெக்கோட்ஸ்’ என்பதாகும். எல்விஸ் பிறெஸ்லியின் பொற்றட்டுக்கள் என்பது அதன் பொருள். அத்தட்டின் கதையை நம் வாசகர்களுக்கு, சிறப்பாக மாணவர்களுக்கு, எடுத்துரைக்க விழைகின்றோம்.

பொற்றட்டு என்பது யாது?

அக்காலத்தில் புதுப்பாட்டுக்கள் பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த சிறு தட்டுக்களிலே விற்பனையாயின. ஒரு பாட்டு பத்து இலட்சம் தட்டுக்களுக்கு மேல் விற்பனையானால், பொன்முலாம் பூசிய தட்டொன்றைப் பாடகருக்குப் பரிசளித்தல் மரபாயிற்று. 1942ஆம் ஆண்டில் கிளென் மில்லர் என்னும் வாத்தியக்குழுத் தலைவருக்கு ஆர். சீ. ஏ. விக்டர் கொம்பனியார் வழங்கிய தட்டே இம்மரபின் தொடக்கம்.

1948ஆம் ஆண்டிலே கொலம்பியா கொம்பனியார் நெடுந்தட்டை அறிமுகம் செய்தனர். பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேற் பாடவல்லது அது. சிறு தட்டுக்களில் வெற்றி கண்ட பாட்டுக்களை நெடுந்தட்டில் ஒருங்கு சேர்த்தால், புதிதாக ஒலிப்பதிவு செய்யுஞ் செலவில்லை; வாங்குவோருக்கும் பல தட்டுக்களைத் தேடியலையும் தொல்லையில்லை. அதே மார்ச் மாதத்திற் கொலம்பியா கொம்பனியார் ஜோனி மதிஸ் என்னும் பாடகரின் வெற்றிப் பாட்டுக்களைத் தொகுத்து வெளியிட்டனர். அது ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றதென்றால், இத்தகைய தொகைகளுக்கு இருந்த வரவேற்பை நாம் உணரலாம்.

எல்விஸின் தட்டில் 14 பாட்டுக்கள் உள்ளன. அனைத்தும் 1956, 1957 ஆகிய இரண்டே ஆண்டுகளிற் பதிவு செய்யப்பட்டவை. அப்போது அவருக்கு வயது 23. தட்டு வெளிவந்த அதே மாதம் 24ஆந் திகதி அவர் அமெரிக்கத் தரைப்படையிற் சேர்ந்தார். அவர் படைச்சேவையிலிருந்த ஈராண்டுக் காலத்தில் அவர் குரலை மக்கள் மறவாதிருக்கச் செய்த தட்டுக்களுள் இதுவும் ஒன்று.

வறுமையில் எழுந்த குரல்

எல்விஸ் 1935ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்து டூப்பலோ நகரில் வறிய குடும்பத்திற் பிறந்தவர். 1948இற் குடும்பம் மெம்பிஸ் நகரிற் குடியேறிற்று. 1953ஆம் ஆண்டிலே, அவ்விளைஞர் அந்நகரத்து ஒலிப்பதிவு நிலையமொன்றிற் சுமார் நான்கு டொலர் கட்டணஞ் செலுத்தி, இரண்டு பாட்டுக்களைத் தமக்கெனப் பதிவு செய்துகொண்டார். அவற்றுள் ஒன்றான ‘தட்ஸ் வென் யுவர் ஹார்ட்ஏக்ஸ் பிகின்’ என்பதை நான்காண்டுகளின் பின் மீண்டும் பாடிப் பதிவு செய்தார். அப்பதிவே இப்பொற்றொகையில் இடம்பெற்றுள்ளது. காசு கொடுத்துப் பாடியவன் காசு பெற்றுப் பாடும் நிலையை எய்த இடைப்பட்ட காலம் அவ்வளவே!

பெற்றோர் பலர் அவரை வெறுத்தனர் என்பதும் உண்மை. அவர் உடலை அசைத்தாடிப் பாடும் முறை இளைஞரைக் கெடுக்கும் என்று கண்டித்தனர். 1957 ஜனவரியில் எட் சலிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே அவரை இடுப்புக்கு மேல் மட்டும் காட்டினர். ஆயினும் இவ்விசையைக் குறித்து எழவேண்டியிருந்த நியாயமான கேள்வி வேறொன்று. இப்பாட்டுக்கள் யாருடையவை?

பாட்டுக்குப் பின்னால் நின்றோர்

தட்டின் முதற்பாட்டு ‘ஹவுண்ட் டோக்’. அதனை இயற்றியோர் ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் என்னும் இரு இளைஞர். அவர்கள் அதனைப் பிக் மாமா தோண்டன் என்னும் கறுப்பினப் பாடகிக்காகவே இயற்றினர். 1952இல் அவர் பாடிப் பதிவு செய்ய, அடுத்த ஆண்டு கறுப்பின மக்களின் இசைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. 1956இல் எல்விஸ் பாடியபோது உலகமே அதனை அறிந்தது. ஒரு பாட்டை மற்றொருவர் பாடினால் இயற்றியவருக்குப் பங்குண்டு. முதலிற் பாடி அதற்கு உயிரூட்டியவருக்குப் பங்கில்லை. அதுவே அத்தொழிலின் நியதி. அப்பாட்டினால் தமக்குக் கிடைத்தது 500 டொலர் மட்டுமே என்று தோண்டன் அம்மையார் கூறியுள்ளார்.

‘டோன்ட் பீ குறூவல்’, ‘ஓல் ஷுக் அப்’ ஆகியவற்றை இயற்றியவர் ஒட்டிஸ் பிளக்வெல் என்னும் கறுப்பினக் கவிஞர். ஆயின் தட்டிலோ, இயற்றியோர் என்னுமிடத்தில் எல்விஸின் பெயரும் சேர்ந்து நிற்கும். பாட்டு எல்விஸின் குரலில் வெளிவர வேண்டுமாயின் வருவாயிற் பாதியை விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்பது வணிகர் விதித்த நிபந்தனை. இருவரும் ஒருமுறையேனும் நேரிற் சந்தித்ததில்லை.

‘லவ் மீ டென்டர்’ பாட்டின் மெட்டு 1861ஆம் ஆண்டில் வெளியான ‘ஓரா லீ’ என்னும் பழம்பாடலின் மெட்டு. புதுச்சொற்களை அமைத்தவர் கென் டார்பி. தட்டிற் காணப்படும் பெயர்களோ அவர் மனைவியுடையதும் எல்விஸுடையதும். தொடக்கநாள் முதல் உடன் வாசித்த ஸ்கொட்டி மூர், பில் பிளக் ஆகிய இருவரும் ஊதியம் போதாதென்று 1957 செப்டம்பரில் விலகற் கடிதங் கொடுத்தனர்.

இவற்றைக் கூறுவதனால் எல்விஸின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ‘ஹவுண்ட் டோக்’ பாட்டை மனம் நிறைவுறும்வரை ஒரே நாளில் முப்பது தடவைக்கு மேற் பாடிப் பதிவு செய்த உழைப்பாளி அவர். தாம் பாடும் முறையைக் கறுப்பின மக்கள் தமக்கு முன்னரே கையாண்டனர் என்பதை 1956இல் ஒரு பத்திரிகையாளரிடம் அவரே ஒப்புக்கொண்டார். அவர் வாயாற் சொன்னதைத் தட்டின் உறை சொல்லவில்லை என்பதே நம் குறை.

எல்விஸ் 1977ஆம் ஆண்டில், தமது 42ஆவது வயதில் மறைந்தார். கால் நூற்றாண்டு கழித்து 2002இல் வெளிவந்த மற்றொரு தொகை அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்திலேயே நுழைந்தது. ‘ஹவுண்ட் டோக்’ அதிலும் உண்டு. தோண்டன் அம்மையார் 1984இற் காலமானார்; றொக் இசைப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2024இலேதான். பிளக்வெல் 2002இல் மறைந்தார். அவருக்கு அச்சிறப்பு 2010இற் கிட்டியது.

இசைத்தட்டின் நடுவே ஒட்டிய வட்டத்தாளிற் பாட்டின் பெயருக்குக் கீழே சிற்றெழுத்தில் இயற்றியவர் பெயர் இருக்கும். கைப்பேசியிற் பாட்டுக் கேட்கும் இன்றைய மாணவர் கண்ணில் அவ்வெழுத்தும் எளிதிற் படுவதில்லை. எந்த மொழிப் பாட்டாயினும், விரும்பிக் கேட்ட பின்னர் அதனை எழுதியவர் யார், முதலிற் பாடியவர் யார், உடன் வாசித்தவர் யார் என்று ஒருமுறை தேடிப் பார்க்குமாறு நம் இளைஞரை வேண்டுகின்றோம். வீட்டிலுள்ள பெரியோரும் அத்தேடலிற் கலந்துகொள்ளலாம்.