தானே அள்ளித் தானே கொட்டும் லாரி



பௌதிக நூலில் நெம்புகோல், அடர்த்தி, அழுத்தம் ஆகிய மூன்றையும் நீங்கள் தனித்தனி அதிகாரங்களாகப் படித்திருப்பீர்கள். தேர்விலும் அவற்றிற்குத் தனித்தனி வினாக்களே வரும். வகுப்பறையை விட்டு வெளியே வந்தால் அவை அவ்வாறு தனித்து நிற்பதில்லை. மூன்றும் ஓரிடத்தில் கூடி வேலை செய்வதையும், சில சமயம் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பதையும் நான் ஒரு லாரியில் கண்டேன். அந்த லாரியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில், பர்மிங்காம் நகரத்தில், என் மகன் இல்லத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். குழாய் பதிப்பதற்காக அந்தத் தெருவைத் தோண்டியிருந்தார்கள். தோண்டிய மண் நடைபாதை ஓரத்தில் குவிந்து கிடந்தது. ஒரு நாள் காலையில் எட்டுச் சக்கர இணைகள் இல்லை, நான்கு அச்சுகள் கொண்ட பெரிய லாரி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் ஓட்டுநர் ஒருவரே. முதலில் லாரியின் இருபுறமும் இரும்புக் கால்கள் நீண்டு தரையில் ஊன்றின. பின்பு, ஓட்டுநர் அறைக்கும் மண் ஏற்றும் தொட்டிக்கும் இடையே மடங்கிக் கிடந்த ஒரு நீண்ட கரம் எழுந்தது. அதன் நுனியில் சிப்பி வாய் திறப்பதுபோல் இரு பாதிகளாகத் திறக்கும் வாளி ஒன்று தொங்கியது. அந்த வாளியைத்தான் அங்கே கிராப் என்கிறார்கள். அது மண்ணைக் கவ்வியது, தூக்கியது, தொட்டியில் போட்டது. அரைமணி நேரத்திற்குள் குவியல் மறைந்துவிட்டது. கரம் மடங்கியது, கால்கள் உள்ளே சென்றன, லாரி புறப்பட்டது. கொட்டும் இடத்தில் டிப்பர் லாரிகளுக்கே உரிய முறையில் தொட்டியைச் சாய்த்து மண்ணைத் தள்ளிவிட்டு வரும்.

நம் ஊர்களில் இந்த வேலைக்கு ஒரு டிப்பரும், அதற்கு மண் அள்ளிப்போட ஒரு 'ஜேசிபி'யும் வரும். (ஜேசிபி என்பது 1945இல் இங்கிலாந்தில் தொழில் தொடங்கிய பாம்ஃபோர்டு என்பவருடைய பெயரின் முதலெழுத்துகள். நம் மக்கள் அதை மண்வெட்டும் பொறிக்கே பொதுப்பெயராக்கிவிட்டார்கள்.) அங்கே இரு வண்டி, இரு ஆள் என்ற வேலையை ஒரு வண்டியும் ஓர் ஆளும் முடிப்பதைக் கண்டதும், எல்லா டிப்பர்களுக்கும் இத்தகைய கரத்தைப் பொருத்திவிட்டால் என்ன என்று என் மகனிடம் கேட்டேன். அவன் சரக்குப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். விடை சொல்லாமல் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்தான். அந்தத் தாளில் இருந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

பிரிட்டனில் நான்கு அச்சுகள் கொண்ட லாரி, தன் எடையும் சரக்கின் எடையும் சேர்ந்து, 32 டன்னுக்கு மேல் இருத்தல் ஆகாது என்பது சட்டம். மூன்று அச்சுகள் உள்ளதற்கு 26 டன். இரண்டு உள்ளதற்கு 18 டன். நம் லாரிக்கு 32 என்று கொள்வோம். எஞ்சினும் ஓட்டுநர் அறையும் அடிச்சட்டமும் சேர்ந்து ஏறத்தாழ 9 டன். உருக்குத் தொட்டி இரண்டரை டன். ஓட்டுநர், எரிபொருள், சில்லறைக் கருவிகள் எல்லாம் சேர்ந்து அரை டன். ஆக 12 டன் போக, 20 டன் மண் ஏற்றலாம். இப்பொழுது கரத்தையும் வாளியையும் தாங்கு கால்களையும் பொருத்துங்கள். அவை மூன்று டன் எடை இருக்கும். உங்கள் சரக்கு 17 டன்னாகக் குறைந்துவிட்டது. அந்தக் கரம் ஒருபோதும் இறங்காத பயணி. மண் அள்ளும்போதும் உண்டு, வெறுமனே திரும்பும்போதும் உண்டு. ஒரு நாளைக்கு நான்கு நடை, ஆண்டுக்கு 250 நாள் என்று வைத்துக்கொண்டால், மூன்று டன் என்பது ஆண்டுக்கு 3,000 டன் ஆகிறது. அவ்வளவு மண்ணை ஏற்றாமல் விட்டுவிடுவதுதான் கரத்திற்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை. கடைக்காரர் எழுதித்தரும் விலைப்பட்டியலில் அது இராது.

ஆகையால், லாரி வாங்கப் புகுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது லாரியை அன்று. மண் எங்கே கிடக்கிறது என்பதை. பெரிய கட்டட வேலை நடக்கும் இடத்தில் தோண்டும் பொறி எப்பொழுதும் நிற்கும். அது நான்கைந்து வீச்சில் லாரியை நிரப்பி அனுப்பிவிடும். அங்கே கரமுள்ள லாரியை ஓட்டுவது, மூன்று டன் இரும்பைச் சுமந்து உலாப்போவதற்குச் சமம். குறுகிய தெரு, சாலை ஓரத்துச் சிறு குழி, மதிலுக்கு அப்பால் தோட்டத்தில் கிடக்கும் குவியல் இவற்றிற்குத் தோண்டும் பொறியைத் தனியாக வேறொரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். அங்கேதான் கரம் தன் சோற்றைத் தானே சம்பாதிக்கிறது. கடன் வாங்கி ஒரே லாரியை நம்பிப் பிழைக்கும் சிறு உரிமையாளருக்கு இந்தத் தீர்மானம் தவறினால் வீடும் தவறிப்போகும். நம் நாட்டில் ஜேசிபி தானே சாலையில் ஓடி வந்துவிடுகிறது. மணிக்கணக்கில் வாடகைக்கும் எளிதாகக் கிடைக்கிறது. அதனால் கணக்கு இங்கே வேறு விதமாக முடிகிறது.

அடுத்தது தொட்டியின் அளவு. தளர்ந்த மண்ணின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1.5 டன் என்று கொண்டால், 16 டன்னுக்கு ஏறத்தாழப் பத்தே முக்கால் கன மீட்டர் இடம் வேண்டும். அவ்வளவு பெரிய தொட்டியைச் செய்துகொண்டார் ஒருவர். மறுவாரம் மழை பெய்கிறது. நனைந்த களிமண் கன மீட்டருக்கு 1.8 டன் ஆகிறது. வழக்கம்போல் விளிம்பு வரை நிரப்பினால் 19 டன்னுக்கு மேல் ஏறிவிடும்! கண்ணுக்கு இரு நாளும் ஒரே குவியல்தான். தொட்டி கன அளவை அளக்கிறது. சட்டமும் பிரேக்கும் எடையை அளக்கின்றன. இந்த இரண்டையும் இணைப்பது அடர்த்தி ஒன்றே. எனவே லாரியிலேயே எடை காட்டும் கருவியைப் பொருத்திக்கொள்வது வீண்செலவாகாது. தொட்டியை அலுமினியத்தால் செய்தால் எடை குறையுமே என்று கேட்பீர்கள். உருக்கின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அலுமினியத்திற்கு உண்டு என்பது மெய். சரளையும் தாரும் ஏற்றும் டிப்பர்களுக்கு அது பொருந்தும். ஆனால் கிராப் வாளியின் பற்கள் நாள்தோறும் தொட்டியின் தரையிலும் விளிம்பிலும் மோதும். உடைந்த கான்கிரீட்டும் வந்து விழும். இந்த வேலைக்குத் தேய்மானம் தாங்கும் கெட்டியான உருக்கே ஏற்றது. மூலைகள் வளைவாக இருத்தல் நலம். கூர்மையான மூலையில் களிமண் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும்.

இனிக் கரத்தின் வலிமைக்கு வருவோம். கியர் பெட்டியிலிருந்து எஞ்சின் விசையைப் பிரித்தெடுத்து ஒரு பம்பைச் சுழற்றுகிறார்கள். பம்பு எண்ணெயை அழுத்துகிறது. அடைபட்ட நீர்மத்தில் கொடுத்த அழுத்தம் எத்திசையிலும் குறையாமல் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட உண்மை. அதைக்கொண்டு 1795இல் பிராமா என்னும் ஆங்கிலேயர் தம் அழுத்தப் பொறிக்கு உரிமை பெற்றார். அதனை லாரியில் ஏற்றியவர் கதை சுவையானது. ஸ்வீடன் நாட்டு ஹூடிக்ஸ்வால் என்னும் ஊரில் பனிச்சறுக்குக் கட்டைகள் செய்துவந்த எரிக் சுந்தின் என்பவர், லாரியின் எஞ்சினே பாரமும் தூக்கலாமே என்று எண்ணி, 1944இல் ஹியாப் நிறுவனத்தைத் தொடங்கினார்.

எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோகிராம் என்றும், உருளையினுள் உள்ள பிஸ்டனின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்றும் கொள்ளுங்கள். பெருக்கினால் 20,000 கிலோகிராம், அதாவது 20 டன் விசை. ஆயினும் நுனியில் 20 டன்னைத் தூக்க முடியாது. பிஸ்டன் தள்ளும் இடம் மூட்டிலிருந்து 60 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வாளியோ 6 மீட்டர் தள்ளித் தொங்குகிறது. பத்து மடங்கு தூரம், ஆகவே பத்தில் ஒரு பங்கு பாரம். கரத்தின் சொந்த எடையையும் கழித்தால் 2 டன்னுக்கும் குறைவே மிஞ்சும். அதே கரம் 3 மீட்டர் தூரத்தில் அதைப்போல் இரு மடங்கு தூக்கும். ஆதலின், 'இந்தக் கரம் இத்தனை டன் தூக்கும்' என்று ஒருவர் சொன்னால், 'எத்தனை மீட்டரில்?' என்று கேளுங்கள். தூரம் சொல்லாத பாரம் பாதி விடைதான். நானாக இருந்தால் பாதி மதிப்பெண்ணே போடுவேன்.

பலரும் அறியாத ஒரு நுட்பம் அச்சுகளின் எடையில் இருக்கிறது. மொத்த எடை விதிக்குள் இருந்தும் ஓர் அச்சின் மேல் மட்டும் பாரம் மிகுந்தால் அதுவும் குற்றமே. முன்னச்சுகள் இரண்டின் நடுவையும் பின்னச்சுகள் இரண்டின் நடுவையும் இரு தாங்குபுள்ளிகளாகக் கொள்ளுங்கள். இடைவெளி 5 மீட்டர். தொட்டி 5 மீட்டர் நீளம். முன் புள்ளியிலிருந்து 1.6 மீட்டர் தள்ளித் தொடங்குகிறது. அதில் 16 டன் மண் சமமாகப் பரவியிருக்கிறது. அதன் நடு முன் புள்ளியிலிருந்து 4.1 மீட்டரில் விழும். கணக்கிட்டால் முன்னச்சுகள் தாங்கும் மண் 2.88 டன். இப்பொழுது ஓட்டுநர் பின்பாதி மண்ணை மட்டும் ஓரிடத்தில் இறக்கிவிட்டார். மிஞ்சியது 8 டன். அதன் நடு 2.85 மீட்டரில் இருக்கும். முன்னச்சுகளின் பங்கு எவ்வளவு? 3.44 டன்! பாரம் பாதியாகக் குறைந்தது; முன்னச்சின் சுமையோ ஏறிவிட்டது. காரணம் எளிது. பின்பாதி மண்ணின் நடு, பின் புள்ளிக்கும் அப்பால் இருந்தபடியால், ஊஞ்சற்பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தவனைப்போல் அது முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. அவன் இறங்கிவிட்டான். ஏற்கனவே மூன்று டன் கரத்தின் பெரும்பங்கும் முன்னச்சுகளின் மேலேயே இருக்கிறது. ஆகவே, கரத்திற்காக அடிச்சட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர் முன்னச்சுகளின் தாங்கும் அளவை முதலில் கேட்டறிய வேண்டும். இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

தாங்கு கால்களைப் பற்றிச் சிறிது. லாரியின் அகலம் 2.55 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அவ்வளவு ஒடுங்கிய உடலிலிருந்து 6 மீட்டர் கரத்தைப் பக்கவாட்டில் நீட்டினால் கவிழும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கால்கள் அடித்தளத்தை அகலமாக்குகின்றன. ஆனால் தரை தாங்க வேண்டும். ஒரு கால் 8 டன் அழுத்துகிறது, அதன் பாதத்தட்டு 30 சென்டிமீட்டர் சதுரம் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 9 கிலோகிராம். அடியில் 60 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்றை இட்டால் அது நான்கில் ஒரு பங்காகிவிடும். அந்தப் பலகைகளைச் செருகி வைக்க லாரியிலேயே இடம் அமைத்துக்கொள்ள வேண்டும். எடுக்க எளிதாக இல்லாவிட்டால், அவசரத்தில் அவை பயன்படா. நடைபாதைக்கு அடியில் பழைய சாக்கடையோ நிலவறையோ இருக்கலாம் என்பதையும் ஓட்டுநர் நினைவில் வைக்க வேண்டும்.

மேலே பார்ப்பதும் அவ்வளவு முக்கியம். மின்கம்பியைக் கரம் தொடவேண்டும் என்பதில்லை. உயர் மின்னழுத்தம் இடைவெளியைத் தாண்டிப் பாயும். கரம் மடங்காமலோ தொட்டி இறங்காமலோ லாரி நகர்ந்தால் பாலத்தில் மோதும். அதற்காக ஓட்டுநர் அறையில் எச்சரிக்கை விளக்கும் ஒலியும் வைக்கிறார்கள். பிரிட்டனில் 1998ஆம் ஆண்டு விதிகளின்படி, தகுதியுடைய ஒருவர் இத்தகைய கரத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் முழுமையாகச் சோதிக்க வேண்டும். முள் தேய்ந்திருக்கிறதா, பற்றவைத்த இடத்தில் கீறல் உண்டா, எண்ணெய்க் குழாய் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஓட்டுநர் அறையின் உயரமும் ஒரு பெரிய வினா. கொட்டும் இடம் சேறும் பள்ளமுமாக இருப்பதால் உயர்ந்து நிற்கும் அடிச்சட்டம் வேண்டும் என்பர். உயரே உட்கார்ந்தவருக்கோ லாரியின் இடப்பக்கம் ஒட்டி வரும் மிதிவண்டிக்காரர் தெரியமாட்டார். லண்டன் மாநகரத் தெருக்களில் கட்டட வேலை லாரிகளால் மிதிவண்டியில் சென்றோர் பலர் உயிரிழந்தனர். அதன் விளைவாக, 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே எவ்வளவு தெரிகிறது என்பதை அளந்து 0 முதல் 5 வரை நட்சத்திரம் இடும் முறையை ஏற்படுத்தி, 2021 மார்ச்சு முதல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார்கள். 2024 அக்டோபர் முதல், மூன்று நட்சத்திரத்திற்குக் குறைந்த லாரிகள் கூடுதல் காமிராக்களும் உணர்கருவிகளும் பொருத்திக்கொண்டால்தான் உள்ளே வரலாம். ஆகவே அங்கே லாரி வாங்குகிறவர்கள் தாழ்ந்த அறையும், கதவின் கீழ்ப்பாதியில் கண்ணாடியும் கேட்கிறார்கள். என் மகன் தெருவுக்கு வந்த லாரியின் கதவில் அந்தக் கண்ணாடி இருந்தது. ஓட்டுநர் தம் உணவுப்பையை அதற்குக் குறுக்கே வைக்காமல் இருக்கைக்குப் பின்னால் மாட்டியிருந்தார்.