கல்லுக்குக் கீழே என்ன இருக்கு பாஸ்?

முதல்ல ஒரு குட்டி டெஸ்ட். அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போனதும், வாசல்ல ஒரு வாளி தண்ணியைக் கொட்டிட்டு வேடிக்கை பாருங்க. தண்ணி எந்தப் பக்கம் ஓடுது? தெருப் பக்கமா, தோட்டத்துப் பக்கமா, இல்ல... நேரா ஹாலுக்குள்ளயா?

எங்க வீட்டுல ஹாலுக்குள்ள!

திருச்சியில எங்க வீட்டைச் சுத்தி முன்னாடி மண் தரைதான். மழை வந்தா சேறு. நான் சிவில் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது, அப்பா சேமிப்புல கை வெச்சு 600 சதுர அடிக்குக் கறுப்புக் கடப்பா கல் போட்டார். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பாலீஷ். மூணே நாள்ல வேலை முடிஞ்சுது. சிவில் இன்ஜினீயரா நான் செஞ்ச ஒரே மேற்பார்வை, அதை செல்போன்ல போட்டோ எடுத்து ஹாஸ்டல் பசங்களுக்கு அனுப்பினதுதான்.

அந்த ஐப்பசி மழையில வரிசையா மூணு சம்பவம். வாசப்படி தாண்டி தண்ணி உள்ளே வந்துச்சு. கேட் பக்கம் நாலஞ்சு கல்லு 'டக் டக்'னு ஆட ஆரம்பிச்சுது. அப்புறம் ஒருநாள் விடியக்காலையில, கோலம் போடப் போன அப்பாயி வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அப்பாயி யாரையும் திட்டலை. "நீ என்னத்தடா படிக்கிற?"ன்னு என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான். அதுக்கு நாலு அடி போட்டிருக்கலாம்!

செமஸ்டர் லீவுல எல்லாத்தையும் பேர்த்துட்டுத் திரும்பப் போட்டோம். வயசான மேஸ்திரி ஒருத்தர், ஒரு சித்தாள், கூலி வாங்காத எடுபிடியா நான். மேஸ்திரி வந்ததும் மேல பளபளப்பையெல்லாம் பார்க்கலை. கடப்பாரையால ஒரு கல்லை நெம்பி அடியில எட்டிப் பார்த்தார். இளகின மண்ணு, அது மேல மணல், நடுவுல மட்டும் ஒரு உருண்டை சிமென்ட் கலவை. நாலு மூலையும் அந்தரத்துல தொங்குது. மூலையில கால் வெச்சா ஆடாம என்ன செய்யும்?

இங்கேதான் ஃப்ரெண்ட்ஸ் விஷயமே இருக்கு. நாம காசு கொடுக்கிறது கல்லுக்கு. ஆனா, வேலை முழுக்கக் கல்லுக்குக் கீழே. முதல் ரெண்டு நாள் நாங்க கல்லைத் தொடவே இல்லை. ஏழு இஞ்ச் ஆழத்துக்குத் தோண்டி, மண்ணை நனைச்சு, திமிசுக்கட்டையால இடிச்சோம். அது மேல நாலு இஞ்ச் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து, ரெண்டு அடுக்காப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் தனியா இடிக்கணும். ஆட்கள் நடக்கவும் ஸ்கூட்டி நிறுத்தவும் இது போதும். கார் ஏறும்னா ஜல்லியை இன்னும் தடிமனாப் போட்டுக்கணும். என் கையில கொப்புளம் வந்ததும் மேஸ்திரி சிரிச்சுக்கிட்டே சொன்னார்... "இது புஸ்தகத்துல வராது தம்பி!"

அடுத்தது வாட்டம். அதாங்க, நாம க்ளாஸ்ல ஸ்லோப்னு படிக்கிறோமே, அது. வீட்டுச் சுவர்லேர்ந்து வெளியே பார்த்து, 10 அடிக்கு 2 இஞ்ச் இறக்கம். டியூப் லெவல்ல மட்டம் பார்த்து, முளை அடிச்சு நூல் கட்டினோம். தரை முடியற உயரம் வாசப்படிக்கு ஆறு இஞ்ச்சாவது கீழே இருக்கணும்கிறதுல மனுஷன் கறார். மணல் ஒன்றரை இஞ்ச்தான். பள்ளத்தை மணல் போட்டு நிரவினா, அடுத்த மழையில அங்கேயே கல்லு இறங்கிடுமாம்.

வழுக்கலுக்கு மேஸ்திரி சொன்ன வைத்தியம் ரொம்ப சிம்பிள்: கல்லைத் திருப்பிப் போடு! கடப்பா கல்லுக்கு ஒரு பக்கம்தான் பாலீஷ். அடிப்பக்கம் சொரசொரப்பு. புதுக்கல் செலவு மிச்சம்னு அப்பா முகத்துல ஒரு வெளிச்சம். ஆனா, அடிப்பக்கம் முழுக்கப் பழைய சிமென்ட் ஒட்டியிருக்கே? அங்கேதான் நான் மூளையைக் காட்டினேன். "ஆசிட் ஊத்தினா போயிடும்ணே!"

மேஸ்திரி டீ குடிக்கப் போன கேப்புல ஊத்தியும் பார்த்தேன். புஸ்ஸ்ஸ்னு நுரை! பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப்ல கார்பனேட்டுக்கு 'ப்ரிஸ்க் எஃபர்வெசன்ஸ்'னு எழுதினோமே... அதே சமாசாரம். கடப்பா கல், சுண்ணாம்புக்கல் ஜாதி. உள்ளே கால்சியம் கார்பனேட். ஆசிட் சிமென்ட்டை மட்டும் தின்னுட்டுப் போகாது, கல்லையும் சேர்த்துத் தின்னும். கோட்டா கல், தாண்டூர் கல்லுக்கும் இதே கதிதான். குடம் குடமாத் தண்ணி ஊத்தியும் மூணு கல்லுல சாம்பல் திட்டு நின்னு போச்சு. மீதியை உளியாலயும் பிரஷ்ஷாலயும் சுரண்டினோம். நாலு நாள்!

அப்புறம் பதிக்கிறது சுலபம். ரப்பர் சுத்தியலால தட்டி, நாலு கல்லோட மூலை ஒரே இடத்துல சேராத மாதிரி மாத்தி மாத்தி வெச்சு, ஓரத்துல நகராம இருக்க கான்கிரீட் அணைப்பு. இடுக்குல சிமென்ட் அடைக்கலை, கிரஷர் தூள்தான். ஒரு வாரம் கழிச்சு, இறங்கின இடத்துல மறுபடி தூவிப் பெருக்கணும்.

ஏன் சிமென்ட் வேண்டாம்? கால்குலேட்டரை எடுங்க. 600 சதுர அடின்னா சுமார் 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழை பெஞ்சா 1 லிட்டர். ஒரே ராத்திரியில 50 மி.மீ. கொட்டினா 2,800 லிட்டர்! மண் தரையா இருந்தப்போ அதுல கொஞ்சமாவது மண்ணுக்குள்ள இறங்கியிருக்கும். 2003-ல தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினாங்களே, அப்போ தாத்தா வெட்டின குழி எங்க வீட்டுல இருக்கு. முதல் தடவை வேலை பார்த்தவங்க அது மேலயே கல்லைப் போட்டு மூடியிருந்தாங்க. நாங்க பேர்த்த அன்னிக்குத்தான் அது தெரிஞ்சுது. இப்போ இடுக்குல இறங்கினது போக மிச்சத் தண்ணி வாட்டம் பிடிச்சு அந்தக் குழிக்கே போகுது. வேப்ப மரத்தைச் சுத்தி மூணு அடிக்குக் கல்லே கிடையாது. இடுக்குல புல்லு முளைக்குதான்னு கேட்டா, முளைக்குது. அதைப் புடுங்கறதுதான் அப்பாயியோட சாயந்திர நேர டூட்டி.

கறுப்புக் கல் மே மாச மத்தியானத்துல தோசைக்கல் மாதிரி சுடும், அதுக்கு மருந்து இல்ல. வத்தல் காயப்போட சூப்பர்னு அப்பாயி சமாதானம் சொல்றாங்க.

போன கார்த்திகை மழையில வாளி டெஸ்ட் பாஸ்! ஹால் காய்ஞ்சு கிடந்துச்சு. துளசி மாடம் பக்கத்துல மட்டும் ஒரு கல்லு இன்னும் 'டக்'னு ஆடுது. அது நான் தனியாப் பதிச்சது. அப்பாயி அதை மட்டும் மிதிக்காம தாண்டிப் போறாங்க.