உயரம் மாறும் தூண் (ரெவிட்)

கட்டிட மாதிரியாக்க மென்பொருள்களில், தள மட்டங்களுக்கு ஏற்பத் தனது உயரத்தைத் தானே மாற்றிக்கொள்ளுமாறு அமைக்கப்படும் தூண் உறுப்பு உயரம் மாறும் தூண் எனப்படும். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்து, 2002 இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கிய ரெவிட் மென்பொருளில் இத்தகைய தூண்கள் பரவலாகப் பயன்படுகின்றன.

அமைக்கும் முறை

ரெவிட்டில் ஒத்த உறுப்புகளின் வரையறை "குடும்பம்" எனப்படுகின்றது. அமைப்புத் தூண் குடும்பத்துக்கான வார்ப்புருவில் கீழ் மட்டம், மேல் மட்டம் என இரண்டு மட்டங்கள் முன்னரே தரப்பட்டுள்ளன. தூணின் குறுக்குவெட்டை வரைந்து திண்ம உருவாக நீட்டிய பின்னர், பக்கத் தோற்றத்தில் அதன் அடிமுகத்தைக் கீழ் மட்டத்துடனும் மேல்முகத்தை மேல் மட்டத்துடனும் பொருத்திப் பூட்டவேண்டும். அகலமும் ஆழமும் மாறிகளாக வரையறுக்கப்படும். உயரத்துக்குத் தனி மாறி தேவையில்லை. தூணைக் கட்டிட மாதிரியில் வைக்கும்போது தெரிவுசெய்யும் அடி, தலை மட்டங்களே அதனைத் தீர்மானிக்கின்றன.

பூட்டுதலின் முக்கியத்துவம்

300 மிமீ சதுரத் தூண் ஒன்றின் தளங்களுக்கு இடையிலான உயரம் 3.0 மீட்டரில் இருந்து 3.6 மீட்டராக மாற்றப்பட்டால், தூணும் நீண்டு, அதன் கன அளவு 0.270 கன மீட்டரில் இருந்து 0.324 கன மீட்டராகும். முகங்கள் பூட்டப்படாவிடில் தூண் வரைந்த உயரத்திலேயே நிற்கும். மேல் தளத்துக்குக் கீழே இடைவெளி தோன்றுவதுடன், அட்டவணையில் காங்கிறீற்றின் அளவும் குறைவாகக் காட்டப்படும். இதனால், குடும்பத்தைப் பயன்படுத்துமுன் மட்டங்களை நகர்த்திச் சோதிப்பது அவசியமாகும்.